பாயா, எஞ்சினா?



மூன்று வாரமாக இங்கே ஒன்றும் எழுதவில்லை. முட்டி வலி ஒரு பக்கம், ஐப்பசி அடைமழை ஒரு பக்கம். "டீச்சருக்கு உடம்புக்கு என்ன?" என்று விசாரித்த பிள்ளைகளுக்கெல்லாம் நன்றி. நன்றாகத்தான் இருக்கிறேன். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண நாற்பது பக்க நோட்டு. நேற்று சாயங்காலம் என் அண்ணன் மகன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். பக்கத்துக்குப் பக்கம் மீன் வாசனை. நாலு இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டு மை கரைந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள்கூட வீட்டுக்கணக்கு எழுதி வராத பையன் எழுதிய நோட்டு அது. அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமையாகப் படியுங்கள்.

விஷயம் போன பங்குனிக் கடைசியில் ஆரம்பித்தது. அந்த வாரத்தில் எனக்கு இரண்டு சேதி வந்தன.

முதல் சேதி துபாயிலிருந்து. அங்கே படகுத்துறையில் மெக்கானிக்காக வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வெள்ளை வெளேரென்று ஒரு படகு. இரண்டு உடம்பு, நடுவே ஒரு தளம், மேலே வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு பாய். "டீச்சர், இதுக்குப் பேரு கட்டமரன். நம்ம கட்டுமரம்தான்! விலை பல கோடி" என்று எழுதியிருந்தான். பிறகு பேசும்போது சொன்னான்: முன்பெல்லாம் பணக்காரர்கள் பெரிய எஞ்சின் வைத்த வேகப்படகுதான் கேட்பார்களாம். பின்னால் 300 குதிரைத் திறன் எஞ்சின் இரண்டு மாட்டி முழு வேகத்தில் விட்டால் மணிக்கு 200 லிட்டர் பெட்ரோல் வரை குடிக்குமாம். எண்ணெய் விலை ஏற ஏற அவர்களில் சிலரே, "பாய் வைத்த கட்டமரன் வாங்கினால் என்ன?" என்று யோசிக்கிறார்களாம். செலவும் மிச்சம், சத்தமும் இல்லை என்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களில் பலருக்கு நான் வகுப்பில் சொன்னது நினைவிருக்கலாம். 1697-ல் வெளிவந்த தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அந்தப் பேராலேயே குறிப்பிட்டு எழுதினார். பிறகு அந்தப் பேர் எங்கெங்கோ சுற்றி, இரண்டு உடம்புப் படகுகளுக்கு ஒட்டிக்கொண்டது. 1876-ல் அமெரிக்காவில் ஹெர்ரெஷாஃப் என்பவர் அப்படி இரட்டைப் படகு ஒன்று கட்டிப் பந்தயத்தில் எல்லாரையும் முந்தினார். அந்த வகைப் படகே பந்தயத்துக்கு வரக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். நம் கட்டுமரம் இரட்டைப் படகு இல்லை. அதற்கு உடம்பு என்றே ஒன்று கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். அவிழ்த்தால் வெறும் மரம். பேர் மட்டும் நம்முடையது.

அதற்கு இரண்டு நாள் கழித்து இரண்டாவது சேதி. அது சேதி இல்லை, ஆளே வந்தான். அண்ணன் மகன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். பணம் கேட்க வந்தவனுக்கு டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாது. முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தவளுக்கு இது தெரியாதா?

"என்னடா, எவ்வளவு?" என்றேன்.

"ரெண்டரை லட்சம் அத்தை. எஞ்சின் மாத்தணும்."

அவனுடையது ஃபைபர் படகு. நீளத் தண்டு வைத்த 10 குதிரைத் திறன் டீசல் எஞ்சின். பழசு, புகை கக்குகிறது. அதை எடுத்துவிட்டு இதைவிட இரண்டு மடங்கு பெரிய எஞ்சின் போட வேண்டும் என்றான். சித்திரை முதல் தேதிக்கு அடுத்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் பெரிய படகுகள் வராது. சின்னப் படகுக்காரர்களுக்கு நாலு காசு பார்க்கிற காலம். அதற்குள் எஞ்சின் மாற்றிவிட்டால் தூரம் போகலாம், ஏலத்துக்கு முதல் ஆளாகக் கரைக்கு வரலாம், கடனை அடைத்துவிடலாம். இதுதான் அவன் கணக்கு.

"டீசல் செலவு?" என்று கேட்டேன். பதில் இல்லை. வரி இல்லாத டீசல் அரசு தருகிறது. ஆனால் ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்று அளவு உண்டு. அதற்கு மேல் வெளியில்தான் வாங்க வேண்டும். இருக்கிற எஞ்சினுக்கே மீன் விற்ற காசில் பாதி எண்ணெய்க்குப் போகிறது என்று அவன் மனைவி என்னிடம் புலம்பியது எனக்குத் தெரியும்.

அப்போது நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். துபாய்ப் படத்தை எடுத்து அவனிடம் காட்டினேன். "பாருடா, கோடீஸ்வரனே எண்ணெய் விலைக்குப் பயந்து பாய்க்கு வர்றான். உங்க தாத்தா ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம நாப்பது வருஷம் கடலுக்குப் போனாரு. நீ ஏன் பாய் கட்டக் கூடாது?" என்றேன்.

அவன் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சிரித்தான். ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை.

"அத்தை, அஞ்சாங்கிளாஸ்ல என்ன சொல்வீங்க எங்களை? 'படிக்கலேன்னா மரம் தள்ளத்தான் போவே'ன்னு சொல்வீங்கல்ல. இப்போ நீங்களே மரத்தைக் கட்டச் சொல்றீங்க."

பிள்ளைகளே, உங்களில் நிறையப் பேர் அந்த வார்த்தையை என் வாயிலிருந்து கேட்டிருப்பீர்கள். நான் யாருடைய மகள் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டுமரம் தள்ளினவரின் மகள். அவர் மரம் தள்ளிக் கொண்டுவந்த மீனை என் அம்மா கூடையில் சுமந்து விற்ற காசில்தான் நான் ஆசிரியர் பயிற்சி படித்தேன். அப்படிப்பட்டவள் மரம் தள்ளுவதைத் தண்டனை மாதிரிச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் படிக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் சொன்னது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து, மேலே துண்டுகூட இல்லாமல் தெருவில் போய் நிற்பார். முதுகில் காற்றை வாங்கிப் பார்ப்பார். மேற்கேயிருந்து கச்சான் இறங்கினால் முதுகு சொல்லிவிடும். உடனே கூட்டாளிகளை எழுப்பக் கிளம்புவார். காற்று இல்லையென்றால் துடுப்பு வலிக்கிற தூரத்துக்குத்தான் போக முடியும். சில நாள் பேசாமல் திரும்பி வந்து படுத்துக்கொள்வார். "இன்னைக்கு மரம் போகாது" என்ற அந்த மூன்று வார்த்தையைக் கேட்டால் அம்மா எழுந்திருக்க மாட்டாள். அடுப்புக்கு வேலை இல்லை.

போகும்போது நிலக்காற்று, மதியத்துக்கு மேல் திரும்பும்போது கடற்காற்று. இதே பாடத்தை நான் ஐந்தாம் வகுப்பில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், அங்கே காற்று மேலே எழும்பும், கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும் என்று. ஒரு வருஷம் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்கப்பா அந்தக் காத்துலதான் வருவாரு. சோழகத்தோட வந்தா சீக்கிரம் வருவாரு, கொண்டலுக்கு அலையடிக்கும்னு சொல்வாரு" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உக்காரு" என்றேன். அந்தப் பையன் இதைப் படிப்பான். என்னை மன்னித்துக்கொள் அப்பா.

இப்படிச் சொல்வதால் பழைய காலம் பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலின்போது எனக்குப் பதினேழு வயது. காற்றையே நம்பிப் போகிற மரம், காற்று எதிரியானால் என்ன செய்யும்? புயல் துரத்தினால் பாய் வைத்து ஓடித் தப்ப முடியாது. அன்று எங்கள் கரையில் பெண்கள் நின்ற நிலையை நான் பார்த்திருக்கிறேன். எஞ்சின் வந்த பிறகுதான் என் அண்ணி நிம்மதியாகத் தூங்கினாள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

எஞ்சின் எப்படி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். 2004 டிசம்பர் 26. நம் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். அதைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். மறுபடி எழுதத் தெம்பில்லை. கரையில் உலர வைத்திருந்த மரங்களெல்லாம் ஊருக்குள்ளும் தென்னந்தோப்பிலும் சிதறிக் கிடந்தன. பிறகு உதவி வந்தது. நல்ல மனசோடு வந்த உதவி, குறை சொல்ல மாட்டேன். வந்தவர்கள் ஃபைபர் படகும் எஞ்சினும் கொடுத்தார்கள். கட்டுமரம் கேட்டவர்கள் எங்கள் ஊரில் இரண்டு மூன்று கிழவர்கள்தான். அதில் ஒருவர் என் அண்ணன். "பழைய ஆளு" என்று சிரித்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் கரை முழுக்கக் கலர் கலராகப் படகு நின்றது.

படகு இலவசமாக வந்தது, எஞ்சின் இலவசமாக வந்தது. எண்ணெய்க்கு மட்டும் யாரும் இலவசம் தரவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது, 1973-ல், எண்ணெய் நாடுகள் விலையை ஏற்றின. ஒரு பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து சில மாதத்தில் 12 டாலர் அருகே போனது. உலகமே ஆடியது என்று பின்னால் புத்தகத்தில் படித்தேன். எங்கள் தெருவுக்கு அதில் வந்த பாதிப்பு விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காததுதான். அப்பாவின் தொழில் அசையவில்லை. அவர் மரத்துக்கும் அரபு நாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்றோ எங்கோ சண்டை என்றால் என் அண்ணன் மகன் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து டீசல் விலை என்ன ஆகும் என்று பார்க்கிறான். 2014-ல் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். மறுநாள் துபாய்ப் பையனுக்கே போன் போட்டேன். "எஞ்சின் தெரிஞ்சவன் நீதானே, வழி சொல்லு" என்றேன். அவன் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு 2012-ல் வெளியிட்ட கையேடு. சிறிய மீன்பிடிப் படகுகளில் எரிபொருளை மிச்சப்படுத்துவது பற்றி. எழுதியவர் குல்பிரான்ட்சன் என்ற படகு வடிவமைப்பாளர். நம் சென்னையிலிருந்து நடந்த வங்கக்கடல் திட்டத்தில் வேலை பார்த்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன்.

அதில் எனக்குப் பிடித்தது ஒரு கணக்கு. உங்களுக்கும் சொல்லித் தருகிறேன். இன்னும் டீச்சர்தானே நான்.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்கு, வேகம் கூடும்போது எஞ்சின் உழைப்பு அதே அளவில் கூடாது. ஏறக்குறைய மும்மடியாகக் கூடும். திருப்பிப் பார்த்தால், வேகத்தைப் பத்தில் எட்டாகக் குறைத்தால் உழைப்பு என்ன ஆகும்? எட்டெட்டு அறுபத்துநாலு. அறுபத்துநாலை எட்டால் பெருக்கினால் ஐநூற்றுப் பன்னிரண்டு. பத்தின் மும்மடி ஆயிரம். ஆயிரத்தில் ஐநூற்றுப் பன்னிரண்டு, ஏறக்குறையப் பாதி. அதாவது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால், மணிக்குக் குடிக்கும் எண்ணெய் பாதியாகிவிடும்.

இப்போது நம் பையன் படகுக்குப் போடுவோம். அவன் வலை போடும் இடம் 24 கிலோமீட்டர். முழு வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். எஞ்சின் மணிக்கு இரண்டரை லிட்டர் குடிக்கும். போக இரண்டு மணி, வர இரண்டு மணி, ஆக 10 லிட்டர். வேகத்தைக் குறைத்தால் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. நேரம் கூடினாலும் எண்ணெய் ஆறரை லிட்டருக்குள் முடிந்துவிடும். புது எஞ்சின் வேண்டாம், பாயும் வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்.

அவனை வரச்சொல்லி சிலேட்டில் எழுதாத குறையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: "கணக்கு சரிதான் அத்தை. ஆனா ஏலம் ஒம்போது மணிக்கு. முன்னாடி வர்றவன் மீனுக்கு ஒரு விலை, பின்னாடி வர்றவனுக்கு ஒரு விலை. பக்கத்துப் போட்டுக்காரன் பெரிய எஞ்சின் போட்டா நானும் போட்டாகணும்."

"அவன் போட்டதால நீ போடறே. நீ போட்டா இன்னொருத்தன் போடுவான். எல்லாரும் போட்டப்புறம் முன்னாடி வர்றது யாரு?"

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கடன் வாங்கினவன் காத்துப் பாக்க முடியாது அத்தை. மீன் இல்லேன்னு தெரிஞ்சாலும் போய்த்தான் ஆகணும். வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருக்கேன்" என்றான். எனக்கு உள்ளே சுருக்கென்றது. அப்பா முதுகில் காற்று வாங்கிப் பார்த்துத் திரும்பி வந்து படுத்துக்கொள்வார் என்றேனே, அது பசியான நாள்தான். ஆனால் மீன் கிடைக்காத நாளில் காசும் செலவழித்துவிட்டு வருகிற கஷ்டம் அவருக்கு இருந்ததில்லை. இவனுக்கு இரண்டும் இருக்கிறது.

பாய் பற்றி மறுபடி பேச்சு வந்தது. நான் விடவில்லை. திரும்பி வரும்போது கடற்காற்றில் பாய் விரித்தால் வர்ற எண்ணெய் மிச்சம்தானே என்றேன். பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்பித்தேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அத்தை, கடக்காத்து கிளம்பறதே பதினோரு மணிக்கு மேல. தாத்தா மத்தியானம் வந்தாரு, பாட்டி சாயங்காலம் வித்தாங்க. எனக்கு ஒம்போது மணிக்கு ஏலம். காத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்தா மீனு கருவாடாயிடும்."

அதுவும் உண்மைதான். பாடம் நடத்தினவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

இதையெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என் அண்ணன். எழுபது வயது. மகனோடு அதிகம் பேசமாட்டார். கடலை விட்டு வந்ததிலிருந்து அப்படித்தான். அன்று வாய் திறந்தார்.

"வர்றப்போ வேணாம். போறப்போ விரி."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"ராத்திரி மூணு மணிக்குத்தானே போறே. ஆனி, ஆடியில அந்நேரம் கச்சான் நிக்குமா? முதுகுலதானே அடிக்கும்? எஞ்சினைக் கம்மியா வெச்சு பாயை விரிச்சுக்கிட்டுப் போ. அங்க போயி ஒரு அவசரமும் இல்ல. ஏலம் வர்றப்போதானே?"

பிறகு எச்சரிக்கையும் சொன்னார். "இது மரம் இல்ல, போட்டு. அடி தட்டை. மரத்துல பலகை இறக்கிக் குறுக்குக் காத்தையும் புடிக்கலாம். இதுல வழுக்கிக்கிட்டுப் போயிடும். முதுகுக் காத்துக்கு மட்டும் விரி. காத்து திரும்பினா ஒடனே சுருட்டு. பெரிய பாய் போடாதே, போட்டு கவுந்துடும்."

நான் பிடிஎஃப் படித்தவள், மகன் ஜிபிஎஸ் வைத்திருப்பவன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத விஷயம் வாசற்படியில் இருபது வருஷமாகச் சும்மா உட்கார்ந்திருந்தது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். இரண்டரை லட்சம் தர மாட்டேன் என்றேன். பழைய எஞ்சினைப் பிரித்துச் சரிபார்க்க, புதிய விசிறி மாட்ட, மூங்கிலும் பாய்த்துணியும் வாங்க 30,000 ரூபாய் தருகிறேன் என்றேன். வட்டி வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு நாளும் நோட்டு எழுத வேண்டும். தேதி, காற்று, எத்தனை லிட்டர், எவ்வளவு மீன், எத்தனை மணிக்குக் கரை. "அத்தை, இது பணம் குடுக்கறதா, பரீட்சை வைக்கறதா?" என்றான். "ரெண்டும்தான்" என்றேன்.

பாயை அண்ணன்தான் தைத்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு பிடித்தான். அந்த இரண்டு பேரும் ஒரே இடத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்ததை அண்ணி எனக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

இனி நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். நல்லதும் கெட்டதும் இரண்டும் இருக்கிறது.

ஆனியிலிருந்து புரட்டாசி வரை 61 நாள் கடலுக்குப் போயிருக்கிறான். முன்பு நாளுக்கு 11 லிட்டர் ஆகும் என்று அவனே சொன்னது. இந்த 61 நாளுக்கும் மொத்தம் 488 லிட்டர். சராசரி 8. பாய் விரித்தது 23 நாள்தான். அந்த நாட்களில் சராசரி ஆறரை லிட்டர். விரிக்காத 38 நாளில் 9 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது மிச்சத்தில் பெரும்பங்கு பாயால் வந்ததில்லை, மெதுவாகப் போனதால் வந்தது. நாளுக்கு 3 லிட்டர் என்றால் 183 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டாலும் 16,470 ரூபாய். என்னிடம் வாங்கியதில் பாதிக்கு மேல்.

கெட்டதையும் சொல்கிறேன். ஏலத்துக்குப் பிந்தி வந்தது நாலு நாள். ஒரு நாள் நல்ல வவ்வால் மீனைப் பாதி விலைக்குக் கொடுத்திருக்கிறான். கூட வரும் இரண்டு பேரில் ஒருவன், மூணு மணிக்குப் பதில் இரண்டு மணிக்குக் கிளம்ப முடியாது என்று வேறு படகுக்குப் போய்விட்டான். ஆவணியில் ஒரு நாள் காற்று சட்டென்று திரும்பி, மூங்கில் முறிந்து, பாய் தண்ணீரில் விழுந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறான்: "அப்பா சொன்னது சரி." அதைப் படித்தபோது எனக்குப் பயமும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இப்போது கரையில் இன்னும் இரண்டு படகில் மூங்கில் ஊன்றியிருக்கிறார்களாம். பெரிய எஞ்சின் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய படகுகள் கரையோரத்தையே அரித்துவிட்டுப் போனால் சின்னவன் தூரம் போகாமல் என்ன செய்வான்? அதற்கு என் நோட்டில் விடை இல்லை. ஒரு டீச்சரும் ஒரு பாயும் தீர்க்கிற பிரச்சினை இல்லை அது.

துபாய்க்காரர் பாய்க்கு மாறினால் அது அவர் விருப்பம். காற்று இல்லாவிட்டால் நாளைக்குப் போய்க்கொள்வார். நம் பிள்ளைக்கு ஒன்பது மணிக்கு ஏலம் இருக்கிறது. படத்தைக் காட்டிப் பேசினபோது இந்த வித்தியாசம் எனக்குப் புரியவில்லை. அவன் சிரித்ததில் தப்பே இல்லை.

இனி உங்களுக்கு வீட்டுப்பாடம். கரையில் இருக்கும் பிள்ளைகள், உங்கள் வீட்டுத் தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால் ஒரு நாள் பக்கத்தில் உட்காருங்கள். எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்தக் காற்று, அதற்கு என்ன பேர், அதில் எப்படிப் போவார்கள் என்று கேட்டு எழுதுங்கள். போனில் பதிவு செய்தாலும் சரி. நம்ம கரையில் பாய் விரித்துப் போனவர்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு கை போதுமாயிருந்தது. வெளியூரில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போன் போடும்போது கேளுங்கள். எனக்கு அனுப்பினால் ஒழுங்காகத் தொகுத்து வைப்பேன். இந்த முறை "பரீட்சைக்கு வராது" என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், மரம் தள்ளத்தான் போவாய் என்று என்னிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாரும், வாங்கியதை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டதும் எஞ்சினுக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று அண்ணன் மகன் சொன்னான். நோட்டு தீர்ந்துவிட்டது, நாளைக்குப் புதுசு வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை எண்பது பக்கம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்